கன்னத்துக்குள்ளே ஒரு பின்வாசல்

முதலில் கைப்பேசியில் டார்ச்சைப் போடுங்கள். கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, ஒரு பக்கக் கன்னத்தை விரலால் வெளியே இழுத்துப் பிடியுங்கள். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களில் இரண்டாவது பல் இருக்கிறதல்லவா, அதற்கு நேர் எதிரே, கன்னத்தின் உட்புறத்தில் கடுகளவுக்கு ஒரு மேடு தெரியும். தெரியாவிட்டால் நாக்கால் துழாவுங்கள், தட்டுப்படும். இப்போது சுத்தமான பஞ்சால் அந்த இடத்தை ஒற்றி எடுத்துவிட்டு, நாக்கு நுனியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். கண்ணை எடுக்காதீர்கள்! காய்ந்து கிடந்த மேட்டின் நடுவிலிருந்து தெள்ளத் தெளிவாக ஒரு துளி எட்டிப் பார்க்கும், மெல்ல உப்பும், பளபளக்கும், பிறகு சட்டென்று வழிந்து ஓடும். பின்னாலேயே அடுத்த துளி.

பார்த்தாயிற்றா? அதுதான் பின்வாசல். இதைப் பார்த்த நாளிலிருந்து கண்ணாடியைக் கண்டாலே கன்னத்தை இழுக்கத் தோன்றுகிறது எனக்கு. வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு இலையில் விழுவதுதான் தெரியும். பின்கட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது, யார் தேங்காய் துருவுகிறார், யார் யாரை அதட்டுகிறார் என்பதெல்லாம் தெரியாது. எச்சில் விஷயத்தில் நாம் எல்லோருமே பந்தியில் உட்கார்ந்தவர்கள். அந்தப் பின்கட்டுக்குள் இன்று ஒரு சுற்று போய்வரப் போகிறோம். கூடவே அழையா விருந்தாளிகள் சிலரையும் பார்க்கப் போகிறோம். சளி, இருமல், காய்ச்சல் தரும் வைரஸ்கள் மூக்கோடும் தொண்டையோடும் நுரையீரலோடும் நின்றுகொள்கின்றன என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அவற்றில் சில, ஓசைப்படாமல் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து, அங்கேயே குஞ்சு பொரித்து, நீங்கள் இப்போது பார்த்தீர்களே, அந்த வாசல் வழியாகவே ஊர்வலமாக வெளியே வருகின்றன.

முதலில் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிடலாம். பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னாலும் சற்றுக் கீழேயும் கீழ்த்தாடை எலும்பின் மேல் சாய்ந்து கிடப்பது பரோட்டிட் சுரப்பி. இருப்பதில் பெரியது இதுதான், ஒவ்வொன்றும் 15 முதல் 30 கிராம். தாடைக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி. இவை போக உதடு, கன்னம், அண்ணம், நாக்கு என்று வாய் முழுக்கத் தூவிக் கிடக்கும் குட்டிச் சுரப்பிகள் 600 முதல் 1,000 வரை. கீழுதட்டின் உட்புறத்தை நாக்கால் தடவினால் நெறுநெறுவென்று படுகிறதே, அவைதாம்.

எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன. இதில் முறை வைத்து வேலை வேறு! வாய் சும்மா இருக்கும் நேரத்தில் பெரும்பங்கு தாடையடிச் சுரப்பிகளுடையது. புளிப்போ மெல்லும் வேலையோ வந்துவிட்டால் பரோட்டிட் களத்தில் இறங்கிவிடும். தூக்கத்தில் ஏறக்குறைய முழுக் கடையடைப்பு. காலையில் எழுந்ததும் வாய் அடிக்கும் வாடைக்கு இந்தக் கடையடைப்பும் ஒரு காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் குழாய்கள்தான். சுரப்பியின் உள்கோடியில் முதலில் ஊறும் நீர், இரத்த நீரைப் போலவே உப்பு கரிக்கும். அது குழாய்களின் வழியே வெளியே வரும்போது, குழாய்ச் சுவரில் வரிசையாக நிற்கும் செல்கள் சோடியத்தையும் குளோரைடையும் உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. தண்ணீரை மட்டும் கூடவே போக விடுவதில்லை. வாயை வந்து எட்டும்போது அது உப்புச் சப்பற்ற நீர். நல்லவேளை! எச்சிலே கரித்தால், குழம்பில் உப்பு போதுமா என்று நாக்கு எப்படிச் சொல்லும்? இந்தக் குழாய்ச் செல்களைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் வில்லன்களில் சிலர் தேடி வருவது இவற்றைத்தான்.

இந்த வாசலை உலகத்துக்குக் காட்டியவர் 22 வயது மாணவர் ஒருவர். டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன். 1660 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் படித்துக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டுத் தலையை வாங்கி வந்து, மூளையை அறுத்துப் பார்க்கும் திட்டத்தோடு உட்கார்ந்தவர், போகிற போக்கில் கன்னப் பக்கத்து இரத்தக் குழாய்களைப் பார்க்கலாமென்று ஒரு சன்னக் கம்பியை உள்ளே விட்டார். கம்பி தடையில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. போய், வாய்க்குள் ஆட்டின் பல்லில் இடித்துச் சத்தம் எழுப்பியது! இரத்தக் குழாய்க்குள் விட்ட கம்பி பல்லில் இடிக்குமா? பதறிப்போய் ஆசிரியர் பிளாசியஸைக் கூப்பிட்டுக் காட்டினார். நீ கம்பியை முரட்டுத்தனமாகக் குத்தியிருப்பாய், இல்லாவிட்டால் இது இயற்கையின் ஏதோ கோளாறு என்று அவர் தட்டிக் கழித்தார். பிறகு என்ன நடந்தது தெரியுமா? கொஞ்ச நாளில் அதே பிளாசியஸ், கண்டுபிடித்தது நான்தான் என்று கிளம்பினார். பெரிய சண்டை. கடைசியில் பெயர் மாணவருக்கே நின்றது. இன்றும் அது ஸ்டென்சன் குழாய்தான். அந்த மனிதர் அதோடு விட்டாரா? சுறாப் பல் புதைபடிவங்களைப் பார்த்து, பாறை அடுக்குகளைப் படித்து, நிலவியலுக்கு அடித்தளம் போட்டார். பிறகு கத்தோலிக்க ஆயர் ஆனார். 1988-இல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்.

சரி, விருந்தாளிகள்.

முதல் விருந்தாளியை நம் பாட்டிமாருக்கே நன்றாகத் தெரியும். பொன்னுக்கு வீங்கி. இலங்கையில் கூகைக்கட்டு, ஆங்கிலத்தில் மம்ப்ஸ். வீக்கம் கன்னத்தில் வருவதால் இதைக் கன்னத்து நோய் என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் மம்ப்ஸ் வைரஸ் வருவது சளிக் காய்ச்சல் வரும் அதே பாதையில். இருமல், தும்மல், எச்சில் துளி, பக்கத்தில் உட்கார்ந்து பேசும் பேச்சு. மூக்கு, தொண்டையின் உள்தோலில்தான் முதலில் பெருகுகிறது. அங்கிருந்து கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கு, பிறகு இரத்தத்துக்கு, அதன்பிறகே சுரப்பிக்கு. இந்தப் பயணத்துக்கு அது எடுத்துக்கொள்ளும் காலம் பெரும்பாலும் 16 முதல் 18 நாள். பிள்ளைக்கு இன்று கன்னம் வீங்கியிருக்கிறதென்றால், வைரஸ் வீட்டுக்குள் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதைவிட வேடிக்கை, வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பிள்ளை அதைப் பள்ளிக்கூடம் முழுக்க விநியோகம் செய்துகொண்டிருக்கும். வீக்கம் வந்த பிறகும் ஐந்து நாள் விநியோகம் தொடரும். தொற்று வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது வீக்கமே இருக்காது. அவர்களும் விநியோகஸ்தர்கள்தாம்!

உள்ளே என்ன நடக்கிறது? வைரஸ் குழாய்ச் செல்களுக்குள் புகுந்து நகல் எடுக்கத் தொடங்குகிறது. செல்கள் செத்து உதிர்கின்றன. உதிர்ந்த குப்பை குழாயை அடைக்கிறது. சண்டைக்கு வந்த வெள்ளணுக்களும் கசிந்த நீரும் இடுக்குகளில் தேங்குகின்றன. பரோட்டிட்டைச் சுற்றி இறுக்கமான உறை ஒன்று உண்டு, அது விரிந்து கொடுக்காது. அதனால்தான் அந்த வலி. வீக்கம் மேலே தள்ளத் தள்ளக் காது மடலின் நுனி மேலெழும்பி வெளியே துருத்தும். தாடை எலும்பின் கோணம் விரலுக்குத் தட்டுப்படாமல் மறைந்துபோகும். மருத்துவர் கன்னத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளையின் பின்பக்கமாக நின்று காதைப் பார்ப்பதன் ரகசியம் இதுதான்.

இப்போது அந்தப் பிள்ளையின் முன்னால் ஊறுகாய் ஜாடியைத் திறந்து பாருங்கள். வேண்டாம், திறக்காதீர்கள். புளிப்பு என்ற நினைப்பே போதும், ஒன்பதாம் மூளை நரம்பு வழியாகச் சுரப்பிக்கு உத்தரவு பறந்துவிடும். அடைபட்ட குழாய்க்குப் பின்னால் நீர் ஊறி முட்டும். பிள்ளை ஊரைக் கூட்டும். சுரப்பியில் இருக்க வேண்டிய அமைலேஸ் என்ற நொதி வேறு இரத்தத்துக்குள் கசிந்துவிடுவதால், இரத்தப் பரிசோதனையில் அதன் அளவு எகிறி நிற்கும். அந்தக் காகிதத்தை மட்டும் பார்ப்பவர் கணையத்தில் கோளாறு என்று நினைத்துவிடலாம். மம்ப்ஸ் சில சமயம் கணையத்தையும் நிஜமாகவே தாக்குவதால் குழப்பத்துக்குக் குறைவே இல்லை.

கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவது நம் ஊர் வைத்தியம். வைரஸுக்கு நகை ஆசை கிடையாது. ஆனால் சங்கிலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாளில் வீக்கம் தானே வடிந்துவிடுவதால், பல நூறு ஆண்டு வேண்டுமானாலும் சங்கிலி நல்ல பெயரோடு இருக்கலாம்.

சின்ன வயதில் வந்து போனால் பெரும்பாலும் கதை இவ்வளவுதான். பருவம் வந்த பிறகு வந்தால்தான் தலைவலி. தடுப்பூசி போடாத ஆண்களில் 100-க்கு 15 முதல் 30 பேருக்கு விரையும் வீங்கும். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே இது பதிவாகியிருக்கிறது: தாசோஸ் தீவில் காதோரம் வீங்கியவர்களில் பலர் மல்யுத்தக் கூடத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் கூடிய இளைஞர்கள், சிலருக்கு விரையிலும் வலி என்று எழுதியிருக்கிறார்கள். ஜிம்மில் தொற்று பரவுவது இன்று நேற்றைய சமாசாரமல்ல! முதல் உலகப் போரில் அமெரிக்க வீரர்களை மருத்துவமனைக்கு அனுப்பிய நோய்களில் இதற்கு மேலே இருந்தவை இரண்டே இரண்டு, இன்ஃப்ளூயன்சாவும் கொனோரியாவும்.

கிருமி எது என்று பிடித்த கதையிலும் நம் பின்வாசல் வருகிறது. 1934, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். கிளாட் ஜான்சனும் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சரும் நோயாளிகளின் எச்சிலை எடுத்து ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். எந்த வழியாக? ஸ்டென்சன் குழாய் வழியாகவே! குரங்கின் கன்னம் வீங்கியது. பாக்டீரியாவைத் தடுத்துவிடும் வடிகட்டியில் வடித்த பிறகும் அந்தத் திரவம் வீக்கத்தை உண்டாக்கியது. ஆகவே இது வைரஸ். 274 ஆண்டுக்கு முன் ஒரு மாணவரின் கம்பி வெளியே வந்த வழியில் இவர்களின் ஊசி உள்ளே போனது என்று நினைக்கும்போது எனக்குப் புல்லரிக்கிறது.

அடுத்து, 1963 மார்ச், நள்ளிரவு தாண்டி ஒரு மணி. பிலடெல்ஃபியா பக்கத்தில் ஒரு வீடு. ஐந்து வயது ஜெரில் லின், தொண்டை வலிக்கிறது என்று அப்பாவை எழுப்புகிறாள். அப்பா மாரிஸ் ஹில்மன், மெர்க் நிறுவனத்தில் தடுப்பூசி விஞ்ஞானி. கழுத்தோரம் தடவிப் பார்த்ததுமே பொன்னுக்கு வீங்கி என்று தெரிந்துவிட்டது. மகளைத் திரும்பப் படுக்க வைத்தார். பிறகு? எந்த அப்பாவும் செய்யாத காரியம். காரை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய், பஞ்சுக்குச்சியும் மாட்டிறைச்சிச் சாறு நிரப்பிய குப்பியும் எடுத்து வந்து, மகளை எழுப்பித் தொண்டையைத் துடைத்தெடுத்து, மறுபடி லேபுக்கு ஓடி அதை உறைய வைத்துவிட்டு வந்தார். வெளிநாட்டுப் பயணம் கிளம்ப வேண்டிய அவசரம் வேறு. அந்த வைரஸைக் கோழிக் கருவிலும் கோழிக் கரு செல்களிலும் திரும்பத் திரும்ப வளர்த்துச் சாதுவாக்கியதுதான் ஜெரில் லின் ரகத் தடுப்பூசி. 1967-இல் உரிமம் கிடைத்தது. அதற்கு முந்தைய சோதனையில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒருத்தி அவளுடைய தங்கை கிர்ஸ்டன். அக்காவின் வைரஸ் தங்கைக்குக் காவல்!

நம் ஊரில் புனே சீரம் நிறுவனத்தின் எம்எம்ஆர் (தட்டம்மை, மம்ப்ஸ், ருபெல்லா) ஊசியில் இருப்பது லெனின்கிராட்–ஸாக்ரெப் என்ற வேறு ரகம். இந்திய அரசின் இலவச அட்டவணையில் 2017-இல் தொடங்கிச் சேர்க்கப்பட்டது தட்டம்மை–ருபெல்லா ஊசி மட்டும். பொன்னுக்கு வீங்கிக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. எம்எம்ஆர் வேண்டுமென்றால் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைநல மருத்துவர்கள் சங்கமோ ஒன்பது மாதத்திலிருந்தே எம்எம்ஆரைப் பரிந்துரைக்கிறது. இந்த இடைவெளி எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது மர்மக் கதைக்கு வருவோம். 2014–15 குளிர்காலம், அமெரிக்கா. கன்னம் வீங்கிய பிள்ளைகள் மருத்துவர்களிடம் வருகிறார்கள். பார்த்தால் அச்சு அசல் மம்ப்ஸ். சோதித்தால் மம்ப்ஸ் இல்லை. ஓரிரண்டு பேர் என்றால் விட்டுவிடலாம். 21 மாநிலங்களிலிருந்து 320 பேர்! நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி களத்தில் இறங்கியது.

இந்தச் சோதனைக்கு மாதிரி எடுக்கும் விதத்தை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மூக்குக்குள் குச்சியை விட்டுக் கண்ணில் நீர் வர வைக்கும் வேலை இல்லை. காதுக்குக் கீழே பரோட்டிட் இருக்கும் இடத்தில் விரல் வைத்து, 30 விநாடி பிசைந்து விடுகிறார்கள். உள்ளே தேங்கியிருப்பது குழாய் வழியே நகர்ந்து வாசலுக்கு வரும். பிறகு கன்னத்துக்கும் மேல்பல்லுக்கும் நடுவே, அந்தக் கடுகு மேட்டின் பக்கத்தில் பஞ்சுக்குச்சியை வைத்துத் துடைத்தெடுக்கிறார்கள். கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர் வெளியே வந்ததும் கையும் களவுமாகப் பிடிப்பது!

பிடிபட்டது யார்? சோதிக்கப் போதிய மாதிரி இருந்த 294 பேரில் 210 பேரிடம் ஏதாவது ஒரு வைரஸ் சிக்கியது. அதில் 156, எச்3என்2 இன்ஃப்ளூயன்சா. ஆம், சாதாரண ஃப்ளூ! மூச்சுக் குழாயை விட்டு நகராது என்று நாம் நம்பிக்கொண்டிருந்த அதே ஃப்ளூ. கூட்டத்தில் எப்ஸ்டைன்–பார், ஹெர்ப்பிஸ் 6பி, பாராஇன்ஃப்ளூயன்சா, அடினோ என்று உதிரி நடிகர்களும் இருந்தார்கள். வீக்கம் மூன்றில் இரண்டு பேருக்கு ஒரு பக்கம் மட்டுமே. பெரும்பாலும் பையன்கள், இடைநிலை வயது பதினாலரை. அந்த ஆண்டின் எச்3என்2 வைரஸ் உருமாறி, தடுப்பூசியை ஏமாற்றிவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்ததும் கூட்டம் பெருகியதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. 1977-லேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், ஃப்ளூவோடு பரோட்டிட் வீங்கிய 12 பேரைப் பற்றி அறிக்கை வந்திருக்கிறது. அதன் பிறகு ஏறக்குறைய 40 ஆண்டு, கன்னம் வீங்கினால் மம்ப்ஸ் என்ற பழக்கத்திலேயே உலகம் ஓடியிருக்கிறது. தேடாததால் கிடைக்கவில்லை, கிடைக்காததால் தேடவில்லை.

ஃப்ளூவுக்கும் எச்சிலுக்கும் உள்ள உறவு தெரிந்தால் இன்னும் அசந்துபோவீர்கள். ஃப்ளூ வைரஸ் நம் செல்லைப் பற்றிக்கொள்ளப் பிடிக்கும் கைப்பிடி, செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை. இந்தச் சர்க்கரையை உலகில் முதன்முதலில் பிரித்தெடுத்தது எதிலிருந்து? மாட்டின் தாடையடி உமிழ்நீர்ச் சுரப்பியின் வழவழப்பிலிருந்து! ஸ்வீடனின் உப்சாலாவில் 1936-இல் குன்னர் பிளிக்ஸ் எடுத்தார். அப்போது அவருக்கு ஃப்ளூவைப் பற்றிய நினைப்பே இல்லை. நம் எச்சிலின் கொழகொழப்பிலும் இதே சர்க்கரை நிறைய உண்டு. வைரஸ் அதைச் செல் என்று நம்பிப் பிடித்துக்கொண்டு, கடைசியில் வயிற்றுக்குள் விழுங்கப்பட்டுச் செரிமானமாகிவிடும். பொறி! வைரஸும் லேசுப்பட்டதல்ல, ஒட்டிக்கொண்டதை வெட்டிவிட்டு ஓட நியூராமினிடேஸ் என்ற கத்தரியைக் கையோடு கொண்டுவருகிறது. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரை செய்வது அந்தக் கத்தரியை மழுக்குவதுதான். ஆக, ஃப்ளூவை மறிப்பதும் எச்சில், சில சமயம் ஃப்ளூ குடியேறுவதும் எச்சில் தயாராகும் இடத்தில். இரண்டுக்கும் நடுவே தினமும் என்ன பேரம் நடக்கிறதோ!

பின்கட்டில் நிற்கும்போதே சில நடைமுறைச் சங்கதிகள். வைரஸ் வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் பிரயோஜனமில்லை. தண்ணீர், மெதுவான சாப்பாடு, குளிர் ஒத்தடம், வலிக்குப் பாராசிட்டமால் போதும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஃப்ளூ நேரத்தில் அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரை நோயைக் கொண்டுவரக்கூடும். கடும் தலைவலி, வயிற்று வலி, விரை வீக்கம், காது கேட்பதில் மாற்றம் என்று எதுவானாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாசலில் தெளிந்த நீருக்குப் பதில் சீழ் வந்தால் ஆள் வேறு, பாக்டீரியா. மம்ப்ஸ் இரத்தம் வழியாக உள்ளிருந்து வருகிறது. பாக்டீரியாவோ வாயிலிருந்து குழாயில் எதிர்நீச்சல் போட்டு ஏறுகிறது. எச்சில் ஓட்டம் வற்றிய உடம்பில்தான் அதற்கு அந்தத் துணிச்சல் வரும். 1881-இல் சுடப்பட்டு, வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிட முடியாமல் கிடந்த அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டுக்குப் பரோட்டிட்டில் சீழ் கட்டியது. குண்டு துளைத்தது முதுகில், வீங்கியது கன்னம்.

கடைசி விருந்தாளியைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

2020 பிப்ரவரியில் ஹாங்காங்கிலிருந்து ஒரு சின்ன அறிக்கை. கொரோனா உறுதியான 12 பேரைத் தொண்டையைச் செருமி எச்சில் துப்பச் சொன்னார்கள். 11 பேரின் எச்சிலில் வைரஸ். மூக்குக்குள் குச்சி விட்டு உலகமே கண் கலங்கிக்கொண்டிருந்த நேரத்தில், குப்பியில் துப்பினால் போதும் என்பது எவ்வளவு பெரிய செய்தி! ஏப்ரலில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் எச்சில் சோதனைக்கு அமெரிக்காவில் அவசர அனுமதி. ஆகஸ்டில் யேல் பல்கலைக்கழகத்தின் சலைவாடைரக்ட். இதற்குப் பணம் கொடுத்துத் துணை நின்றது யார் தெரியுமா? கூடைப்பந்து லீக்கான என்பிஏ! ஆறரை அடி உயர ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்று குட்டிக் குப்பியில் துப்பும் காட்சியை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் ஒரு கேள்வி அப்படியே நின்றது. எச்சிலில் இருக்கும் வைரஸ் எங்கிருந்து வருகிறது? மூக்கிலிருந்து வழிந்து சேர்ந்ததா, நுரையீரலிலிருந்து இருமலோடு வந்ததா, இல்லை பின்கட்டிலேயே தயாராகிறதா? பழைய கோப்பில் ஒரு துப்பு இருந்தது. 2003-இல் உலகை உலுக்கிய சார்ஸ் வைரஸை ரீசஸ் குரங்குகளின் மூக்கில் விட்டுப் பார்த்த சீன ஆய்வு, 2011-இல் வெளிவந்தது. மேல் சுவாசப் பாதையில் அது ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டவற்றில் உமிழ்நீர்க் குழாய்ச் செல்களும் உண்டு. சொன்னேனே, அந்த உப்பு உறிஞ்சும் செல்கள்!

விடையைத் தேடி இறங்கியது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் பிளேக் வார்னரும் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கெவின் பேர்டும் சேர்ந்த குழு. கட்டுரை 2021 மார்ச்சில் நேச்சர் மெடிசினில் வந்தது. முதலில் நலமாக இருப்பவர்களின் ஈறிலிருந்தும் குட்டிச் சுரப்பிகளிலிருந்தும் 13,824 செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணு வேலை செய்கிறது என்று வாசித்தார்கள். ஒவ்வொன்றிலும்! வைரஸுக்குக் கதவு திறக்கும் ஏசிஇ2, தாழ்ப்பாள் நீக்கும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2, இரண்டும் சுரப்பிச் செல்களில் இருந்தன. அடுத்து, கோவிட்டில் இறந்தவர்களின் சுரப்பிகளைப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்று மேல் சுரப்பிகளில் வைரஸின் ஆர்என்ஏ. சும்மா ஒதுங்கியிருந்ததா, பெருகிக்கொண்டிருந்ததா? இறந்த ஒருவரின் சுரப்பியிலும், அப்போது நோயோடு உயிருடன் இருந்த ஒருவரின் சுரப்பியிலும், வைரஸ் நகலெடுக்கும்போது மட்டுமே உண்டாகும் ஆர்என்ஏ கிடைத்தது. தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

அதோடு விடவில்லை. அறிகுறி எதுவும் இல்லாத தொற்றாளர்களின் எச்சிலை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்த நல்ல செல்களின் மேல் விட்டார்கள். சிலருடைய எச்சிலால் செல்களுக்குத் தொற்று வந்தது. இருமலே இல்லாத மனிதர் வெறும் பேச்சிலும் சிரிப்பிலும் எப்படிப் பரப்பினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டுமா? இதே காலத்தில் சில நோயாளிகளுக்குப் பரோட்டிட்டே வீங்கியதாகவும் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளில் பரோட்டிட்டுக்குள் மட்டும்தான் நிணநீர் முடிச்சுகள் உண்டு, அவை புடைத்தாலும் கன்னம் புடைக்கும். வாய் உலர்ந்துபோவதாகச் சொன்னவர்களும் ஏராளம்.

குழுவினர் லேசான தொற்றோ அறிகுறியற்ற தொற்றோ இருந்த 35 தன்னார்வலர்களின் எச்சிலையும் சோதித்தார்கள். அறிகுறி இருந்த 27 பேரில், எச்சிலில் வைரஸ் உள்ளவர்களே ருசியும் மணமும் போய்விட்டதென்று அதிகம் சொன்னார்கள். சுரப்பியில் தொற்று வந்ததால்தான் ருசி போனது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நாட்களில், ரசத்தில் உப்பே இல்லை என்று சமைத்தவரோடு சண்டைக்குப் போனவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களெல்லாம் இந்தக் கட்டுரையைக் காட்டி, தாமதமாகவேனும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.